பால்கனிக்கு ஆள் தேவை

தியேட்டர் மேனேஜர் வேலை என்பது படம் பார்க்கிற வேலை அல்ல, படம் பார்க்கிறவர்களைப் பார்க்கிற வேலை. பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் மிச்சமிருக்கிற ஒற்றைத் திரை அரங்கு ஒன்றில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பாம்புப் படம், கௌபாய் படம், நாய் நடித்த படம், அம்மன் படம் என்று இப்போது யாரும் மதிக்காத வகைகளுக்காக வீட்டில் வாதாடி, ரிமோட்டைப் பறிகொடுத்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். நான் முதலாளியிடம் வாதாடினேன். ஞாயிறு காலைக் காட்சியில் அந்தப் பழைய படங்களை ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது.

முதலாளி பசவராஜ் கன்னடக்காரர், தமிழும் சரளம்; 'அப்புறம்' மட்டும் 'ஆமேல' என்றுதான் வரும். மல்டிபிளெக்ஸ்கள் வந்த பிறகு எங்கள் பால்கனி பூட்டியே கிடப்பதில் அவருக்குத் தீராத மனக்குறை. "தசராக்குள்ள பால்கனியில ஜனம் உக்காரணும். இல்லேன்னா அந்த ஞாயிறு டைமை தன்னம்பிக்கை கிளாஸ்காரருக்குக் குடுத்துடுவேன். ஆமேல என்கிட்ட வந்து அழக்கூடாது."

பாலும் முட்டையும்

முதல் வாரம் பாம்புப் படம். சட்டம் கைவிட்ட வில்லனைப் பாம்பு தேடிப்போய்த் தண்டிக்கும். வாய்தா கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. இதைவிட வேகமான நீதியை நான் சினிமாவில் பார்த்ததில்லை. கீழ்த்தளம் பாதி நிறைந்தது. பால்கனிப் பூட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடைவேளையில் யாரோ ஒரு பால் பாக்கெட்டையும் முட்டையையும் திரைக்குக் கீழே பயபக்தியோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அரங்கைக் கூட்டுகிற ஸ்டெல்லாக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். காக்ஸ் டவுன் சர்ச்சில் பாடகர் குழுவில் இருப்பவர். எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. "வெளிய போட்டா பாம்பு கோச்சுக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஆம்லெட் போட்டா ஃபாதர் கோச்சுக்குவாரு. நீங்கதானே மேனேஜரு, நீங்களே எடுங்க சார்."

தொப்பி

தமிழ் கௌபாய் தனி ரகம், பாலைவனத்துக்குப் பதில் அடர்ந்த காட்டில் திரிவான். ஊரில் எல்லாரிடமும் குதிரை இருக்கும், ஒருவருக்கும் வேலை இருக்காது. துப்பாக்கிச் சண்டை முடிந்த கையோடு கதாநாயகன் அம்மா காலில் விழுவான். வேறெந்த நாட்டுக் கௌபாயிடம் இந்த மரியாதையை எதிர்பார்க்க முடியும்?

பீன்யா தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள் கும்பலாக வந்தார்கள். வந்து, ஏசியில் அசந்து தூங்கினார்கள். வெடிச்சத்தத்துக்குக்கூட யாரும் புரண்டு படுக்கவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ பிடித்து வந்த ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் மட்டும் கடைசிவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். நமக்கும் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்ற ஆசையில், வாசலில் மடக்கிப் படம் எப்படி என்று கேட்டேன். "நல்ல படம். ஆனா அவ்வளவு அடர்த்தியான காட்டுல வெயிலே கீழ எறங்காது. எல்லாரும் எதுக்கு சார் தொப்பி போட்டிருக்காங்க?"

கூட வந்தவர்

நாய் நடித்த படத்துக்கு ஒரு பெண் தன் நாயையே அழைத்துவந்திருந்தார். அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டதாகச் சொன்னார். விதிப்படி விடக்கூடாது. கூட்டம் இருந்த லட்சணத்தில் விதியைப் பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. நாய் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இடைவேளைக்குக்கூட எழுந்திருக்காமல் முழுப் படத்தையும் பார்த்தது. போகும்போது அந்தப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. "வீட்ல சீரியல் போட்டா எழுந்து பால்கனிக்குப் போயிடும் சார். இங்க அது பால்கனியைத் தேடவே இல்ல."

ஆத்தாவுக்கு மேலே

தசராவுக்கு முந்தைய ஞாயிறு. கடைசி வாய்ப்பு. அம்மன் படம் போட்டேன். காலையிலேயே அல்சூரிலிருந்து வேன் வேனாகக் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அரங்க வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கோயிலில் கூட இவ்வளவு பெரிய செருப்புக் குவியலை நான் பார்த்ததில்லை. கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது. பால்கனிப் பூட்டைத் திறந்தேன். முதலாளியும், கோட்டு போட்ட தன்னம்பிக்கை ஆசிரியரும் மேலே போய் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் ஒருவர்கூட ஏறவில்லை. இடம் கிடைக்காதவர்கள் கீழேயே நடைபாதையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேலே அத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது, போங்கம்மா என்று கெஞ்சினேன். முன்னால் இருந்த செல்வி என்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா கீழ நிக்கறா, அவ தலைக்கு மேல நாங்க காலைத் தொங்கப்போட்டு உக்காரணுமா? மொதல்ல அந்த ரெண்டு பேரையும் எறங்கி வரச் சொல்லுண்ணே."

கறுப்பு ஷூ

இறங்கி வந்தார்கள். வேறு வழியில்லை, மொத்த அரங்கமும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் ஷூவைக் கழற்றிக் குவியலில் விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். உச்சகட்டத்தில் அம்மன் சூலத்தை ஓங்கியபோது தன்னம்பிக்கை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு. அரங்கம் நிறைந்தும் பால்கனி காலி. நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். இந்தப் படங்களுக்கு இந்த ஊரில் இனி வேறு இடமும் இல்லை.

படம் விட்டது. குவியல் கரைந்தது. ஆசிரியர் தன் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டார். கடைசியில் நீல நிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. முதலாளியின் புத்தம்புது கறுப்பு ஷூவைக் காணோம். தீர்ப்பைக் கேட்கத் தலைகுனிந்து நின்றேன். அவர் ரப்பர் செருப்பைப் போட்டுப் பார்த்தார், குதிகால் வெளியே நின்றது. பிறகு தன்னம்பிக்கை ஆசிரியரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "கிளாஸை ஆமேல பாக்கலாம். அடுத்த வாரமும் அம்மன் படமே போடு, என் ஷூவை எடுத்தவன் வராம எங்க போயிடுவான்?"

மறந்துபோன படவகைகள் ஏன் திரும்பி வரவேண்டும் என்று நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட எடுபடாத நிலையில், அந்த ஷூ மட்டும் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டுதான் ஞாயிறு தவறாமல் அரங்கக் கதவைத் திறக்கிறேன்.