அப்பாவுக்குப் பதிலாக

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு வாசனை. காலையில் சுக்கு, சாயங்காலம் அப்பா.

சரக்குக் கிடங்கில் மூட்டைகளின் வாய் தைப்பது அப்பாவின் வேலை. கோணி ஊசி கையில் நடுங்கும். ஊருக்கே தெரிந்த விஷயத்தை அம்மா மட்டும் ரகசியமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். "அவருக்கு உடம்பு சரியில்லை" என்பாள். படியில் விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போகிறவர்களும், பாவம், மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

பிறகு ஒருநாள் நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போனது. ஈரல் வீங்கியிருக்கிறது, இனிக் குடியைத் தொட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் மீன்காரச் சேச்சி கூடையை இறக்கிவைத்து அம்மாவின் காதோடு பேசினாள். அவள் புருஷன் நிறுத்திவிட்டானாம். போர்ட் கொச்சியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை பகலில், குடியை விட்டவர்களும் விடத் தவிக்கிறவர்களும் கூடி உட்காருகிறார்களாம்.

"மருந்து என்ன குடுக்கறாங்க?"

"மருந்தொண்ணும் இல்ல. பேச்சும் கட்டன்சாயாவும்தான்."

அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மற்ற எதிலும் நம்பிக்கை மிச்சமும் இல்லை.

அந்த ஞாயிறு அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போகும் பிள்ளைபோல எங்களோடு வந்தார். படகுத்துறை அருகே, "பீடி வாங்கிட்டு வந்துடறேன், இங்கயே நில்லுங்க" என்றார். நின்றோம். நிழல் நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை. கடைசியில் அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல.

இடம் தெரியாது. யாரிடமாவது கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். "நீ கேளுடி, உனக்குத்தான் மலையாளம் நல்லா வருதே." நான் ஒரு சாயாக்கடைச் சேட்டனிடம் போய், குடிக்கிறவர்கள் கூடுகிற இடம் எது என்று கேட்டேன். அவர் கள்ளுக்கடையைக் கைகாட்டினார். "அதோ, மோளே. ஞாயிறாழ்ச்சை நல்ல கூட்டமாக்கும்." பெஞ்சே குலுங்கியது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மிச்சச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, "வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்றார்.

காரை உதிர்ந்த அறை. வட்டமாக நாற்காலிகள். சுமைதூக்கிகள், ஒரு லாரி டிரைவர், கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார். ஒவ்வொருவராக எழுந்து, பேரைச் சொல்லி, தான் ஒரு குடிகாரன் என்றார்கள். மற்றவர்கள் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். ஊருக்குப் பேர் தெரிந்துவிடக் கூடாது என்று ஒளிகிறவர்கள், அந்த அறைக்குள் பேரைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள்.

முறை அம்மாவிடம் வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் பேரைச் சொன்னாள். அதுவரை அவள் வாயால் நான் கேட்டிராத பேர். பிறகு, தரையைப் பார்த்தபடி, "நான் குடிக்கிறேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எங்களைக் கூட்டிவந்தவர் மெல்லக் கேட்டார்: "ஆள் வீட்டிலயா, சேச்சி?"

"அவரால வர முடியலை. நான் வந்தாப் போதாதா?"

முன்பு அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது, ஈரப் புடவையோடு கோயில் பிராகாரத்தில் உருண்டவள் அம்மாதான். அவர் கட்டிலில் கிடந்தார், அவள் கல்லில் உருண்டாள், காய்ச்சல் இறங்கியது. இதையும் அப்படி ஒரு நேர்த்திக்கடன் என்றே எடுத்துக்கொண்டாள்.

"ஒருத்தர் குடியை இன்னொருத்தர் நிறுத்த முடியாதே, சேச்சி" என்றார் அவர். சொன்னாரே தவிரப் போகச் சொல்லவில்லை. அவள் கையில் பால் விடாத சூடான கட்டன்சாயாவைக் கொடுத்தார்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். அம்மா அப்பாவின் பேரைச் சொல்வாள், தான் குடிப்பதாகச் சொல்வாள். வீடு திரும்பினால் அப்பா அதே வாசனையோடு படுத்திருப்பார். எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் வந்தது.

"நீ சரியாவே சொல்றதில்ல. முணுமுணுக்கற. சத்தமாச் சொல்லும்மா."

அடுத்த வாரம் சத்தமாகச் சொன்னாள். சுவரில் இருந்த பல்லிகூட ஓடியது.

மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். கிடங்கிலிருந்து தூக்கிவந்தார்கள். சட்டையில் சுக்குத் தூள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஞாயிறு, அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னினாள். குடையை எடுத்தாள்.

"அப்பாதான் இல்லையே. இப்ப யாருக்காகம்மா?"

"செருப்பைப் போடு."

அறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. முறை வந்ததும் அம்மா எழுந்தாள். அன்று தன் பேரைச் சொன்னாள். அப்பா அவளை "இந்தா" என்பார், தெரு அவளை மூட்டைத் தையல்காரன் பெண்டாட்டி என்னும், நான் அம்மா என்பேன். அந்தப் பேர் வீட்டில் புழங்கி நான் கேட்டதே இல்லை. அதை இங்கே எழுதமாட்டேன், அது அந்த அறைக்கு உரியது. சுமைதூக்கிகளும் டிரைவரும் வாத்தியாரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அம்மா நாற்காலியில் விழுந்து, அப்பா செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பேரை மாற்றிச் சொல்லிவிட்டாளே, இத்தனை நாள் நேர்த்திக்கடனும் வீணாகிவிடுமே என்று, அவசர அவசரமாக, அப்பாவின் பேரை அவள் காதில் எடுத்துக்கொடுத்தேன்.