சீட்டின் அடியில் எழுதிய கேள்வி

எல்லாரும் ‘ஆமாம்’ என்று சொல்லப்போகிற கேள்வியை எதற்கு மெனக்கெட்டு அச்சடிக்க வேண்டும்? எங்கள் கட்சிச் செயலாளரிடம் இதைத்தான் நான் முதலில் கேட்டேன். ஜெகதளா பஸ் நிற்கிற வளைவில் அவருடைய மளிகைக்கடை இருக்கிறது. துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, மாதிரிக்கு ஒரு சீட்டை என்னிடம் நீட்டியிருந்தார்.

வார்டு தேர்தலுக்கு நிற்க எங்கள் கட்சியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், இன்னொருவர் கட்டட காண்ட்ராக்டர். சண்டை மாவட்டம் வரைக்கும் போனது. உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மேலிடம் கையைக் கழுவிவிட்டது. எங்கள் பக்கத்துக்கு இது புதுசு. சீட்டில் மேலே இரண்டு பெயர்கள். கீழே மூன்று கேள்விகள். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை வேண்டுமா? குன்னூருக்குக் கூடுதல் பஸ் வேண்டுமா? தினமும் குடிதண்ணீர் வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டம்.

“ஏண்ணே, தண்ணி வேணாம்னு எவ டிக் போடுவா?”

அவர் சிரித்தார். “ஏனுங்கக்கா, வெறும் ரெண்டு பேரை மட்டும் போட்டா அவிங்க சொந்தக்காரங்க மட்டுந்தானுங்க வருவாங்க. தேயிலை வெலைன்னு போட்டாத்தான் எஸ்டேட் ஆளுக வேலைய வுட்டுப்போட்டு வருவாங்க. நாளைக்கு நோட்டீசுல ‘உறுப்பினர் தீர்மானம்’னு போட்டுக்கலாம். ஊர் நெனப்பு என்னன்னு மேல இருக்கறவங்களுக்கும் தெரியுமில்லீங்க?”

“ஜெயிச்சவரு அதச் செஞ்சே ஆகணுமா?”

“அப்படியெல்லாம் கட்டாயம் இல்லீங்க. கேக்கறது நம்ம கடமை.”

மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். நானும் மறைக்காமல் கேட்டேன்: “அப்ப நாலாவதா ஒன்னு போடுங்க. கேட்டத் தொறக்கணுமா, வேணாமா?”

பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டிருந்த சணல் அப்படியே நின்றது.

கேட் கதை இதுதான். தொழிலாளர்களுக்காக எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகள் அடிவாரத்தில் இருக்கின்றன. இலங்கையில் பிறந்த என் அம்மா சாகும்வரை அதை லயம் என்றுதான் சொன்னாள். லைனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. நடுவில் இருந்த தேயிலைக்காட்டை விற்றார்கள், அங்கே ஒரு லாட்ஜ் வந்தது, லாட்ஜுக்கு ஒரு கேட் வந்தது, கேட்டுக்கு ஒரு பூட்டு வந்தது. எங்களுக்கு மிஞ்சியது ஓடையை ஒட்டிய கல்படிதான். நான் ஏறிவிடுவேன். தலையில் கொழுந்து மூட்டையோடு அதைவிட மோசமான சரிவெல்லாம் ஏறியவள். என் வீட்டுக்காரரால் முடியாது. இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் குன்னூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கம்பைக் கட்டி, நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு படியேறுவோம். ஒரு மழை நாளில் ஒருத்திக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்துவிட்டது. அவர் பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். “ஏ புள்ள, ரிட்டயர் ஆனவன மறுபடியும் செடியப் புடிக்க வச்சிட்டீங்களே” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

செயலாளருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. “அக்கா, அது ஆளுகளப் பிரிக்கிற கேள்விங்க. அந்த லாட்ஜக் கட்டுனதே நம்ம காண்ட்ராக்டருதான். எல்லாரும் ஒத்துப்போறதத்தானுங்க சீட்டுல போட முடியும்” என்றார்.

படியிறங்கி வரும்போது ஒன்று விளங்கியது. கூட்டம் சேர்க்க, நோட்டீஸ் போட, ஊர் மனசைத் தெரிந்துகொள்ள என்று அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. மூன்று நல்ல கேள்விகளால் தாளை நிரப்பிவிட்டால் நாலாவதுக்கு இடம் இருக்காது.

மறுநாள் காட்டில் சொன்னேன். ஆளுக்கொரு நிரையில் நின்று கொழுந்து பறிக்கும்போது கைக்குத்தான் வேலை, வாய்க்கு அரட்டை. அடுத்த நிரையில் நின்றவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கி வைக்கவே எனக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

“அக்கா, சீட்டுக்கு அடியில எடம் இருக்கா?”

“நாலு விரல் அளவுக்கு வெறுமனே கெடக்கு.”

“அத லாட்ஜுக்காரன் இன்னும் வாங்கலயே?”

காடே சிரித்தது. அங்கேயே முடிவாகிவிட்டது. அவரவர் சீட்டின் அடியில் ‘கேட்டைத் திறக்கணும்’ என்று எழுதுவது. எழுத வராதவர்கள் இருந்தார்கள். நானே மூணாம் கிளாஸோடு நின்றவள், கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் வாசிக்கப் பழகினவள். சாப்பாட்டு நேரத்தில் சேற்றுப் பாதையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவர்களும் எழுதி எழுதி அழித்தார்கள்.

ஓட்டு ஒரு வேலை நாளில் சமுதாயக்கூடத்தில் நடந்தது. காலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு, மழையில் நனைந்தபடி நேராகப் போய் நின்றோம். பெயருக்கு ஒரு டிக். எங்களில் பெரும்பாலோர் வாத்தியாருக்குத்தான் போட்டோம். மூன்று கேள்விக்கும் ஆமாம். அடியில் எங்கள் கேள்வி.

சாயங்காலம் எண்ணினார்கள். காண்ட்ராக்டருக்கு ஒரு குவியல், வாத்தியாருக்கு ஒரு குவியல். மூன்றாவது குவியல் இரண்டையும்விடப் பெரிதாக வளர்ந்தது. எதையாவது கூடுதலாக எழுதிய சீட்டு செல்லாதாம். காண்ட்ராக்டர் அதிலிருந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“இது யாரு வேலைன்னு கண்டுபுடிக்கப் போலீசு வேணாமுங்க. பாருங்க, தேயிலைக் கறை.”

ரகசிய ஓட்டு என்று நம்பிப் போட்டோம். ஈரக் கையிலிருந்த கறுப்புக் கறை சீட்டுக்குச் சீட்டு ஒட்டியிருந்தது. வருஷம் பூராவும் கறுத்துக் கிடக்கிற விரல், எங்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. வேறு யாரும் இப்படி மாட்டியிருக்க மாட்டார்கள். லாட்ஜில் மகள் வேலை செய்கிறவர்கள் எங்களில் இருந்தார்கள். அவர்கள் கைகள் மெல்ல பிளாஸ்டிக் தாளுக்குள் போவதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். “ஆமாங்க, எங்க கறைதான். தேயிலைக்கு வெல வேணுமான்னு கேட்டீங்களே, அந்தத் தேயிலையப் பறிச்ச கறை. உங்க கேள்விக்கு நாங்க வேணும், எங்க கேள்வி மட்டும் வேணாமா?”

பக்கத்து வீட்டுக்காரியும் கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக வெளியே வந்தது.

“விதி விதிதானுங்கக்கா” என்றார் செயலாளர், தரையைப் பார்த்து.

“ஓட்டத் தள்ளுங்கண்ணே. ஆனா மேல அனுப்பற தாள்ல நாலாவது கேள்வியும் இருக்கணும். எழுதற வரைக்கும் நாங்க எந்திரிக்கல.”

அப்படியே தரையில் உட்கார்ந்தோம். செயலாளரின் மனைவி கடையிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். கடைசியில் செயலாளர் பேனாவைத் திறந்து, எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே எழுதினார்: ‘உறுப்பினர்கள் தாங்களாகவே கேட்ட கேள்வி: லைனுக்குப் போகும் பாதையில் உள்ள கேட்டைத் திறக்க வேண்டும்.’

எங்கள் சீட்டுகள் செல்லாமல் போனதால் காண்ட்ராக்டர்தான் வேட்பாளரானார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வாத்தியாருக்கு என்மேல் கோபமும் உண்டு. எழுதியதில் வருத்தமில்லை.

இரண்டு வாரம் கழித்து காண்ட்ராக்டர் ஓட்டுக் கேட்டு லைனுக்கு வந்தார். ஜீப்பில், அந்த கேட் வழியாகவே. அவர் கொடுத்த நோட்டீசில் ‘உறுப்பினர் தீர்மானம்’ என்று நாலு வரி இருந்தது. மேலிடத்திலிருந்து வந்ததை அப்படியே அச்சடித்திருந்தார்கள். நாலாவது எங்களுடையது. அன்று டயாலிசிஸ் நாள். வாசலில் கம்பு கட்டின நாற்காலி தயாராக இருந்தது.

“நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க” என்றேன். கும்பிட்ட கையை அவர் இறக்குவதற்குள் நாலு பேரும் என் வீட்டுக்காரரைத் தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டோம்.

“அக்கா, நான் இன்னும் மேல ரெண்டு லைனுக்குப் போகோணுங்க!”

“படி இருக்குங்களே” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “நாங்க தெனமும் போறதுதான்.”

ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது இறக்கிவிடச் சொல்லவா முடியும்? டிரைவரிடம் தலையை ஆட்டினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்படியில் ஏறினார். கட்சிக்கொடி பறக்க ஜீப் கிளம்பியது. கொடியைப் பார்த்ததும் வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தான். என் வீட்டுக்காரர் பெரிய மனுஷனாட்டம் பதில் சல்யூட் வைத்தார்.

இப்போது டயாலிசிஸ் இருக்கிற இரண்டு நாளும் லாட்ஜுக்காரர்களே கேட்டைத் திறந்துவிடுகிறார்கள், ஆட்டோ வீட்டு வாசல்வரை வருகிறது. நாற்காலியிலிருந்து கம்பை அவிழ்த்துவிட்டோம். மற்ற நாளெல்லாம் பூட்டுதான், மற்றவர்களுக்கெல்லாம் படிதான். இதோடு நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்துத்தான் திறந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் கடைக்குப் போயிருந்தபோது செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சீட்டில் அடியில் இடம் விடாமல் அச்சடித்தாலும் பரவாயில்லை, பின்பக்கம் முழுசும் வெறுமனேதானே இருக்கும்.