டிவியில் ஓடிய பாட்டு

எங்கள் மாதா கோயிலில் முப்பது வருஷம் நான்தான் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். பாட்டின் எண்ணைச் சொன்னதும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, கண்ணை அதில் வைத்துக்கொண்டு பாடுவேன். எண்கள் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத்தைத்தான் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். எல்லாம் காதால் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்ட பாட்டுகள். புத்தகம் சும்மா கைக்கு. இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வீடு சிடி பிளேயர் வந்திருந்த காலம் அது. டீச்சர் வேலை பார்க்கிற என் மருமகள், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மலிவு மைக்கை வாங்கி வந்தாள். பிளேயரில் சொருகினால் டிவியில் நம் குரல் கேட்கும். கூடவே கோயில் பாட்டு சிடி ஒன்று. அதில் இசை மட்டும்தான், பாட்டின் வரிகள் டிவியில் கீழே ஓடும்.

ஞாயிறு பூசை முடிந்ததும், என்னோடு பாடுகிற பெண்கள் இருவரைக் காப்பிக்கு அழைத்து வந்தேன். பெருமை காட்டத்தான், வேறென்ன.

"அத்தே, நீங்கதான் மொதல்ல பாடணும்" என்று மருமகள் மைக்கை என் கையில் கொடுத்தாள்.

முதல் சரணம் கணீரென்று போனது. வழக்கம்போல இரண்டாவதை எடுத்தேன். வந்திருந்தவர்கள் டிவியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"என்னக்கா, அதுல மூணாவது சரணம்ல ஓடுது? நீங்க வேற பாடுறீக?" என்றாள் அவர்களில் இளையவள்.

"எழுத்து தெரியலையாத்தே? கண்ணாடிய எடுத்தாரவா?" என்றாள் மருமகள். அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள்.

எந்தக் கண்ணாடி போட்டாலும் ஓடுகிற எழுத்தைப் பிடிக்க எனக்கு ஏலாது. மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"மைக்கு விட்டு விட்டுக் கேக்குது, என்னையக் கொழப்பிருச்சு. ஓட்டச் சாமானா ஒன் தலையில கட்டிட்டான்."

அவள் வாங்கி, "அலோ, அலோ" என்றாள். வீடே அதிர்ந்தது. "நல்லாத்தானத்தே இருக்கு?"

"நான் பாடையில கேக்கல. பொய்யா சொல்றேன்?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாரு முன்னாலயும் பாடிக் காட்டச் சொன்னாருத்தே. பாடினேன், நல்லாக் கேட்டுச்சு. 'மைக்கு நல்லாருக்கு, டீச்சரம்மா தொண்டையத்தான் மாத்தணும்'னாரு. நின்னவுகெல்லாம் சிரிச்சாக."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. "சோறு ஆறுது, வா" என்றேன்.

அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில் அந்தப் பெண்கள் இருவரும் நின்றிருந்தார்கள்; மூத்தவள் என் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "என்ன டீச்சரு, அம்புட்டுப் படிச்சும் ஒரு மைக்கு பாத்து வாங்கத் தெரியலயே!"

மருமகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஆமாக்கா, ஏமாந்துட்டேன்" என்றாள்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக.