ஆறு டம்ளர் தண்ணீர்

நான் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், என் கைப்பட்ட தாள்களில் இருந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொன்னவை எவ்வளவு சுவையானவையாயினும் அவற்றை விட்டுவிட்டேன். இதை அடக்கம் என்று எவரும் எண்ண வேண்டா. சரிபாராத செய்திக்கு நான் ஒருமுறை கையெழுத்திட்டிருக்கிறேன், அதுவும் சிவப்பு மையில். எழுதப்போவது அதைப் பற்றித்தான். எண்பதுகளின் தொடக்கம் என்பது உறுதி. எந்த ஆண்டு என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆகவே ஆண்டைச் சொல்லவில்லை.

சங்கரன்கோவிலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளியொன்றில் நான் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நானே. ஒரு நாள் காலையில், திருநெல்வேலியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் துணிப்பை நிறைய அச்சிட்ட தாள்களோடு வந்தார். மாணவர்களின் உடல்நலப் பழக்கங்களைப் பற்றிய ஆய்வு என்றார். எத்தனை முறை பல் துலக்குகிறாய், காலையில் என்ன உண்கிறாய், நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய், உடம்புக்கு முடியாவிட்டால் என்ன செய்வாய், பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்பன போன்ற வினாக்கள். வேறு பள்ளிகளுக்கும் அவர் போகவேண்டியிருந்தது. தாள்களை என்னிடம் ஒப்படைத்து, பதினைந்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

தாள் என்றால் தேர்வு. எனக்கு வேறு வழக்கம் தெரியாது. பிள்ளைகளை இடம்விட்டு உட்காரவைத்தேன். பார்த்து எழுதக்கூடாது என்று அதட்டினேன். மணியடித்ததும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிழைகளைச் சுழித்து, விடைகளுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட்டேன். விடைகள் அத்தனையும் அறிவியல் பாடநூலில் உள்ளபடியே இருந்தன. எல்லோரும் காலையும் இரவும் பல் துலக்கினார்கள். நாள்தோறும் கீரை உண்டார்கள். கொதித்து ஆறிய தண்ணீரை ஆறு டம்ளர் குடித்தார்கள். காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குப் போனார்கள். கோயில் புற்றுமண்ணை ஒருவர்கூட எழுதவில்லை. நோய் என்றால் அதைக் குழைத்துப் பூசாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுமில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அறிவியல் ஆசிரியர் தாள்கட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பாடம் நடத்துனது நான், மார்க்கு போடுதது நீங்களா டீச்சர்? போகட்டும், நம்ம ஊருல எல்லாப் பயலும் கீர திங்கான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை, மகிழ்ந்துபோனார். "மத்த ஸ்கூல்ல இப்படி எழுதுவானா? அப்படியே குடுத்திருங்க" என்றார்.

இரண்டு நாள் சென்றது. பிற்பகல் இலக்கண வகுப்பில் மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி விடைசொல்ல எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வருகிறவள். காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்விழித்தவளிடம் டம்ளரை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டு தலையசைத்தாள்.

"ஏன் குடிக்க மாட்டேங்க?"

"குடிச்சா வரும்லா டீச்சர்."

"என்ன வரும்?"

பக்கத்தில் இருந்தவள்தான் விடை சொன்னாள். "ஒண்ணுக்கு வரும் டீச்சர். எங்கன போக? பயலுவளுக்காவது மதிலு இருக்கு. நாங்க ஒருத்தரும் குடிக்க மாட்டோம். இவ காலையில காப்பியே பாதிதான் குடிப்பா."

"ஆறு டம்ளர்னு எழுதியிருந்தாளே?"

விழுந்து கிடந்தவளே சொன்னாள்: "அது பரீச்சைக்கு டீச்சர்."

அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டவள் நான்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, அவளுடைய தாய் மட்டும் வந்தார். களையெடுக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். காலில் கரிசல்மண் காய்ந்திருந்தது.

"டிசி குடுத்துருங்க டீச்சரம்மா. சமஞ்ச புள்ள நாலு பயலுவ முன்னால விழுந்து கெடந்துருக்கா. ஊருல என்னென்ன பேசுதாவன்னு உங்களுக்குத் தெரியாது. படிச்சது போதும்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. தண்ணி குடிக்காம இருந்ததுதான்."

"சரி, குடிக்கா. குடிச்சிட்டு எங்கன போவா? எங்க ஊருலயாவது முள்ளுக்காடு இருக்கு. ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு?"

திங்கட்கிழமை வரை பொறுக்கும்படி கேட்டேன். "திங்கக்கெழம வாரேன். அன்னைக்கு டிசி கையில வரணும்" என்று சொல்லி அவர் போனார். அந்தப் பெண் படிப்பாளா மாட்டாளா என்பது மூன்று நாளில் முடிவாக வேண்டியிருந்தது.

அன்று பிற்பகல் மாணவர்களை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிட்டு, மாணவிகளை வகுப்பில் இருத்தினேன். மிச்சமிருந்த தாள்கள் போதவில்லை. நோட்டுகளிலிருந்து கிழித்துக்கொண்டோம். பெயர் எழுத வேண்டா, மதிப்பெண் கிடையாது, நான் திருத்தப்போவதுமில்லை, நேற்று என்ன செய்தாயோ அதை எழுது என்றேன். ஒருத்தி எழுந்தாள்.

"தப்பா இருந்தாலும் எழுதலாமா டீச்சர்?"

"நடந்திருந்தா எழுது."

எழுதினார்கள். வீட்டுக்குப் போனதும் செம்போடு குடிப்பேன் என்றது ஒரு தாள். அடிவயிறு எரியும், அம்மாவிடம் சொன்னதில்லை என்றது இன்னொன்று. பள்ளியில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன், கடைசி இரண்டு மணி நேரம் தவிர என்று ஒருத்தி எழுதியிருந்தாள். புற்றுமண்ணும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. சிவப்பு மைப் பேனாவை நான் தொடவில்லை.

அந்தத் தாள்களைத் தலைமையாசிரியர் நின்றபடியே படித்தார். முகம் சிவந்தது.

"இத அனுப்புனா ஸ்கூல் மானம் என்னாகுறது? பொம்பளப் பிள்ளைங்க எழுதுற விசயமா இது? மொதல்ல எழுதுனதையே குடுங்க."

"அதுல என் கையெழுத்து இருக்கு சார். அது பொய்."

"பொய்க்கு எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரியாமப் போட்டேன். இப்பத் தெரியும்."

ஆசிரியர்களுக்கென்று அலுவலறைக்குப் பின்னால் ஒரு கழிப்பறை இருந்தது. எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி தலைமையாசிரியரின் நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்கும். கை நீட்டி அதை எடுத்தேன்.

"அது ஸ்டாஃப் கக்கூஸ் சாவி. எங்க கொண்டு போறீங்க?"

"ஒன்பதாம் வகுப்புக்கு."

"இங்க கொண்டாங்க டீச்சர்."

"பிள்ளைங்க அங்க போகக் கூடாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். அடுத்த நிமிசம் சாவி உங்க மேசையில இருக்கும்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளையும் எடுத்தார். பிறகு பேனாவை மூடினார். அவர் எழுதவில்லை. நான் வகுப்பில், மாணவிகள் பக்கத்துச் சுவரில், ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினேன்.

திங்கட்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். நான் எதையும் விளக்கவில்லை. சாவியைத் தாயின் கையில் கொடுத்து வழியை மட்டும் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார். மறுபடியும் போட்டுத் திறந்தார். வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெளியே வந்து மகளைப் பார்த்துச் சொன்னார்:

"தாப்பா நல்லாத்தான் இருக்கு. ஏட்டி, போயி தண்ணியக் குடி."

டிசியைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

உடன்பணியாற்றிய இருவர் அந்தப் பருவம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது அவர்கள் உரிமை. "எங்களையும் கியூவுல நிக்க வச்சிட்டீங்களே டீச்சர்" என்று அறிவியல் ஆசிரியர் முறையிட்டார். நில்லுங்கள் என்றேன். வாளித் தண்ணீருக்கு மாணவிகள் தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்டார்கள். என்ன காரணத்துக்காகச் சாவியை எடுத்தேன் என்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். எவரும் கேட்கவில்லை.

சொன்ன நாளில் ஆய்வு செய்த பெண் வந்தார். இரண்டு கட்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். மேலே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: சிவப்பு மையிட்டவை உண்மையல்ல, அதற்குப் பொறுப்பு நான், பெயரில்லாதவை உண்மை, அதற்கும் பொறுப்பு நான். அவர் படித்துவிட்டு, "பேரில்லாத பேப்பர எங்க கைடு ஏத்துக்கணுமே டீச்சர்" என்றார். "ஏத்துக்கலன்னா எங்கிட்ட வரச்சொல்லுங்க" என்றேன். எவரும் வரவில்லை.

எனக்குத் தெரிந்தவை இவை: நான் மாற்றலாகிப் போகும் நாள்வரை சாவி அந்த ஆணியில் தொங்கியது. வகுப்பில் சரிந்து விழுந்த மாணவி பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். தேர்வறையில் கண்காணித்தவர்களுள் நானும் ஒருத்தி.

தெரியாதவை: அந்த ஆய்வு முடிந்ததா என்பது. முடிந்திருந்தால், எந்தக் கட்டு அதில் சேர்ந்தது என்பது. அந்த மாணவி பிறகு எங்கே படித்தாள் என்பது. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் தாகத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, எவரும் காரணம் கேட்காமலே டிசி வாங்கிப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.