காய்ச்சலோடு வரிசையில் நின்ற சவரிமுத்து

கான்ஸ்டபிள் சவரிமுத்துவைப் போலீஸ் இலாகாவின் விதிகள் கொன்றன. காய்ச்சல் கூடவே உதவி செய்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, டத்தோ கிராமாட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காசிம் ராவுத்தர் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நம்ம மாத்தா அண்ணன் பரேடுலயே விழுந்துட்டாராம். போயிட்டாருப்பா."

போலீஸ்காரருக்கு இந்த ஊர் மலாய்ப் பெயர் மாத்தா. நமக்கெல்லாம் அவர் மாத்தா அண்ணன். இந்த ஊர்க்காரர்களான உங்களில் பலரை அவர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். என்னையும்தான், விளக்கில்லாத சைக்கிளுக்காக.

"அண்ணே, நேத்து எங்க வீட்டுலதான சாப்பிட்டீங்க?" என்று அன்றைக்கு அவரிடம் கேட்டேன்.

"சாப்பிட்டது சவரிமுத்து. பிடிக்கிறது மாத்தா. நட."

ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவரையும் அவர் இலாகாவையும் திட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "எழுதி வச்சிருக்கிற வரைக்கும் தம்பி, தொரை நெனச்ச நேரத்துல என்னை ஒதைக்க முடியாதுலா" என்றார். அடி வாங்கியே வளர்ந்தவர். எழுதிவைத்த விதி தன்னைக் காக்கும் என்று நம்பினார். செத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் அது முட்டாள்தனம்.

நடந்ததை அவர் மனைவி அருள்மேரி சொன்னார். திங்கள் முழுக்கக் காய்ச்சல். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ரிக்‌ஷா வைத்துப் போகலாம் என்று கெஞ்சியிருக்கிறார். "தொரை சீட்டு இல்லாம போனா ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்க" என்று சவரிமுத்து மறுத்துவிட்டார். நோயாளி முழு உடுப்போடு காலைப் பரேடில் நிற்க வேண்டும். துரை கண்ணால் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். விதி அது.

செவ்வாய் காலை காய்ச்சலில் அவரால் பொத்தான் போட முடியவில்லை. அருள்மேரிதான் போட்டுவிட்டார்.

வெள்ளைக்காரத் துரை வரிசையின் மறுமுனையிலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சவரிமுத்துவிடம் வந்ததும் இடுப்புவார் பக்கிளைப் பிரம்பால் தட்டினார். அழுக்கு. தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார். சவரிமுத்து சுவரோரம் போய்த் தேய்த்தார், திரும்பி வந்து வரிசையில் நின்றார், விழுந்தார். சீட்டு எழுதப்படவில்லை.

விதியின் மேல் அவருக்கிருந்த விசுவாசம் எனக்கு வேண்டாம். அன்று மாலை அவர் வீட்டில் காதால் கேட்டதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அடக்கத்துக்கு முன் சார்ஜெண்டு ஒருவர் ஆளோடு வந்தார். உடம்பில் இருக்கும் உடுப்பு சர்க்கார் சொத்து, திருப்பித் தர வேண்டுமாம். "தங்கச்சி, கொஞ்சம் கழட்டிக் குடுத்துடும்மா. எனக்கு மேலேருந்து ஆர்டர்லா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அருள்மேரி எழுந்திருக்கவில்லை. "காலைல போட்டுவிட்டது நான். நான் கழட்ட மாட்டேன் அண்ணே. பக்கிள் அழுக்குன்னு பார்த்தாரே, அந்தத் தொரைய வரச் சொல்லுங்க. அவர் கையால கழட்டட்டும்."

சார்ஜெண்டு துரையிடம் ஆள் அனுப்பினார். கோயிலில் அடக்கத்துக்கு மணி அடித்தார்கள். பெட்டியை மூடாமல் காத்திருந்தோம்.

துரை வரவில்லை.