அத்தானின் இடது காது

என் அக்காவின் கணவருக்கு எங்கள் இசைக்குழுவில் 'வயர்' என்று பட்டப்பெயர். எப்போது பார்த்தாலும் கழுத்தில் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டு திரிவார். கீபோர்டு வாசிப்பவர். இருபத்திரண்டு வருடமாக மேடையில் அவருக்கு இடது பக்கம் என் டிரம்ஸ்; அதன் வெண்கலத் தட்டு, சிம்பல், அவர் காதுக்கு நேரே. எந்த அரங்கானாலும் அந்த இடம் மட்டும் மாறாது. "மச்சான் பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தாளம் நிக்கும்" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குழுவின் கிட்டார்காரர் வெளியூருக்குக் குடிபோனதும், எல்லோரும் விரும்பிக் கேட்கும் ஒரு பாட்டை நாங்கள் கைவிட வேண்டியதாயிற்று. அதன் முதல் பதினாறு விநாடி கிட்டாரைக் கேட்டால் பல் துலக்கிக்கொண்டிருப்பவரும் தலையாட்டுவார். கிட்டார்தான், ஆனால் கிட்டார் மாதிரியே இருக்காது. ஒவ்வொரு சுரமும் எங்கோ பட்டுத் திரும்பி இரண்டு முறை, மூன்று முறை கேட்கும். "அதை நான் கீபோர்டுலயே கொண்டு வர்றேன்" என்று அத்தான் தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். குழுவின் முப்பதாம் ஆண்டு நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவருக்கு ஏற்கெனவே அவர் மேல் குறை. "வந்தா நீங்க, வரலன்னா வேற ஆளு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அத்தான் அக்காவின் துணி மடிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டார். சின்தசைசரில் ஒரு முரட்டுச் சத்தத்தை எடுத்து, தொட்டதும் எழுந்து சட்டென்று அடங்கும்படி நறுக்கினார். டிஸ்டார்ஷன் பெடலில் விட்டுக் கரகரப்பாக்கினார். பிறகு சத்தத்தைத் தடிப்பாக்கக் கோரஸ், கடைசியாக எதிரொலிக்கு டிலே. எதிரொலி தாளத்துக்கு முக்கால் அடி தள்ளி விழ வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கேட்டால் அசல் பாட்டேதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவருக்குத் திருப்தியில்லை. "கிட்டார் கம்பியில பிக் வில்லை படும்போது 'டிக்'குன்னு ஒண்ணு வரும்ல, அது வரல மச்சான். மொழுமொழுன்னு இருக்கு" என்றார். கூர்மையான உச்ச ஒலிக்கான ட்ரெபிளை ஏற்றினார். உச்சத்தில் இன்னொரு சத்தத்தைச் சேர்த்தார். மறுபடியும் ஏற்றினார். அக்கா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்குக் காதில் ஊசி இறங்கியது.

"இப்ப எப்படி?"

"நல்லாருக்கு அத்தான்" என்றேன்.

இந்த 'நல்லாருக்கு'க்கு ஒரு வரலாறு உண்டு. மூன்று வருடமாகவே அவருடைய கீபோர்டு கீச்சென்றுதான் வந்துகொண்டிருந்தது. குழுவில் மூத்தவர், அதோடு முன்கோபி. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள யாரும் தயாரில்லை. மேடை ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் எங்கள் மிக்ஸர்காரர், மிக்ஸரில் அவருடைய வரிசையின் ட்ரெபிள் குமிழை மட்டும் சத்தமில்லாமல் திருகிக் குறைத்துவிடுவார். குறைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நானும் சிரிப்பேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை. மிக்ஸர்காரருக்கு முதுகுவலி. அவர் இடத்துக்கு வந்திருந்த பெண் எங்களில் யாரையும் அறியாதவள். அத்தான் வாசித்த முதல் வரியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தாள்.

"அண்ணே, மேல ரொம்பக் குத்துது. குறைங்க."

"குத்துதா? எனக்கு மங்கலாத்தான் இருக்கு. உன் ஸ்பீக்கரைப் பாரும்மா."

"ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்லண்ணே. நீங்களே வந்து பாருங்க."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் சத்தம் கோடு கோடாக எழுந்தது. இடப்பக்கம் கனத்த ஒலிகள், வலப்பக்கம் உச்ச ஒலிகள். அசல் பாட்டை ஓட்டினாள். வலப்பக்கக் கோடுகள் பாதிக்கும் கீழே நின்றன. அத்தானுடையதை ஓட்டினாள்; அவை திரையின் உச்சியை முட்டின.

"வலப்பக்கத்தை மட்டும் தனியாப் போடு" என்றார் அத்தான்.

போட்டாள். தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். திரையில் கோடுகள் குதித்துக்கொண்டிருந்தன. அத்தான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டுட்டியாம்மா?" என்று கேட்டார்.



அக்காவும் நானும் அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் அவர் கட்டைவிரல் அசையவே இல்லை.

"போனது திரும்பாது. ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார் மருத்துவர். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது காது ரொம்ப மோசம். வேலை செய்யற இடத்துல இடது பக்கம் பலமான சத்தம் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"மேடைன்னா எல்லாப் பக்கமும் சத்தம்தான் டாக்டர்" என்றார் அத்தான். என் சிம்பலைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

தலைவர் ஆளை மாற்றினார், அத்தான் செய்த சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆனால் நானும் குழுவை விட்டு விலகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அத்தான் எல்லாப் பெடலின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதினார். ட்ரெபிளுக்கு நேரே மட்டும் இடம் விட்டிருந்தார். "இதை அந்தப் பொண்ணு கேட்டு வைக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்.

நிகழ்ச்சியன்று அக்காவோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். புது ஆள் கீபோர்டைத் தொட்டார். அந்தப் பதினாறு விநாடி முடிவதற்குள் அரங்கமே எழுந்துவிட்டது. கிட்டார் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் நான் சிம்பலை ஓங்கி அடிக்க வேண்டும். கை எழுந்தது. அடிக்க மனம் வரவில்லை. தலைவர் திரும்பி முறைத்தார். பாட்டு முடியும்வரை நான் சிம்பலைத் தொடவே இல்லை. கீழே அத்தான் கண்களை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த 'டிக்' வந்துச்சாடா?"

"வந்துச்சு அத்தான்." இது பொய்யில்லை.

"உன் சிம்பலும் கரெக்டா விழுந்துச்சு மச்சான். அந்த இடத்துலதான் எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"ஆமா அத்தான், கரெக்டா விழுந்துச்சு" என்றேன்.