கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றாத நாள்

மாரியம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்கு முப்பது வயதானபோது திடீரென்று மாதவிலக்கு நின்றுவிட்டது. குழந்தைதான் என்று நானும் என் கணவரும் பூரித்துப் போனோம். குழந்தை இல்லை. நான் ஒடிந்து போனேன்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் சினைப்பையிலும் இருக்கின்றனவாம். முட்டை வளரவும், அது வெடித்து வெளியேறிய இடத்தைச் சுத்தம் செய்யவும் அவைதான் துணை. என் உடம்பிலோ அவையே சினைப்பையைத் தாக்குகின்றன என்றார்.

“ஏனுங்க டாக்டரு, தோப்புக் காவலுக்கு வளர்த்துன நாயி நம்மளையே கடிக்குதுங்களா?” என்று கேட்டார் என் கணவர். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவும் சிரித்து, “அதேதான்” என்றார். அந்தச் செல்களை அடக்க மாத்திரை தந்தார். எல்லோருக்கும் பலன் கிடைக்காது, உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தச் சித்திரையில் ஊரில் கம்பம் நட்டார்கள். அம்மன் சன்னதி முன் நடும் அந்த மரத்துக்குப் பெண்கள் தினமும் விடியற்காலையில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவோம். விலக்கானவர்கள் மட்டும் வீட்டில் இருந்துகொள்வார்கள்.

“உனக்கென்ன அம்மிணி, ஒரு நாளும் உடாம ஊத்தலாம்” என்றார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. கள்ளமில்லாத பேச்சுதான். எனக்குச் சுருக்கென்றது. குடத்தைக் கவிழ்க்கும்போதெல்லாம், “தாயே, என்னையும் ஒருக்கா ஊட்டுல உக்கார வெய்யி” என்று அழுதேன்.

திருவிழா முடிந்து கம்பம் பிடுங்குவதற்கு முந்தின நாள், குளித்துவிட்டுக் குடம் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் விலக்காகியிருந்தேன்.

“அத்தை, இன்னைக்கு என்னால தண்ணி ஊத்த முடியாதுங்க.”

மாமியார் பதறி ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “நீ உக்காரு கண்ணு. உனக்கும் சேத்து நானே ஊத்திப்போட்டு வர்றேன்” என்று என் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனார்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முட்டை தானாக வளர்ந்திருக்கிறது என்றார். சிகிச்சையைத் தொடர்ந்தோம். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். இப்போது தோப்பு முழுக்க அவள் அதிகாரம்தான்.

மனம் சோர்ந்திருக்கும் சகோதரிகளே, வைத்தியத்தை விடாதீர்கள், தாயையும் விடாதீர்கள். நான் கேட்டதை அவள் கொடுத்த அன்று, நன்றி சொல்லக்கூடக் கோவிலுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கும்பிட்டதில்லை.